உம் கொட்டத் தெரிந்தால் போதும்: இம்ப்ராவை வீட்டிலும் குடியிருப்பிலும் பழக ஒரு வழிகாட்டி

கதை கேட்க உட்கார்ந்தால் பாட்டி ஒரு நிபந்தனை போடுவார்: உம் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். நாங்கள் தூங்கிவிட்டோமா என்று பார்க்கத்தான் அப்படிச் சொல்கிறார் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். இம்ப்ராவ் பழக ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது, கேட்கிறவரும் பாதிக் கதையைச் சொல்கிறார் என்று. நாங்கள் உம் கொட்டிய விதத்தை வைத்துத்தான் பாட்டி அரக்கனைப் பெரிதாக்குவார், இளவரசியைச் சீக்கிரம் காட்டிலிருந்து வெளியே கொண்டுவருவார்.

இம்ப்ராவ் என்பது எழுதிய வசனமும் ஒத்திகையும் இல்லாமல் மேடையில் அந்த நிமிடத்தில் உருவாகும் நகைச்சுவை நாடகம். பார்க்க வந்தவர்களிடம் ஒரு சொல் கேட்பார்கள். யாராவது 'தண்ணீர் லாரி' என்பார். அடுத்த நொடி இரண்டு பேர் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். கையில் குடம் இருக்காது, ஆனால் அதன் கனம் நமக்குத் தெரியும். பாடகர்கள் மனோதர்மம் என்று சொல்வதைப் பேச்சிலும் உடம்பிலும் செய்வது என்று வைத்துக்கொள்ளலாம். இதில் யாரும் ஜோக் தயார் செய்துகொண்டு வருவதில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் உடனே நம்பி மேலே கொண்டுபோகிறார். சிரிப்பு அதிலிருந்து தானாக வருகிறது.

எங்கள் குடியிருப்பில் மூன்று வருடமாக ஞாயிறு மாலை மொட்டை மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி இதை விளையாடுகிறோம். யாரும் மேடை ஏறியதில்லை, ஏறும் எண்ணமும் இல்லை. அங்கே பழகியதில் எது வீட்டுக்குள் வந்தது, எது அசோசியேஷன் கூட்டத்துக்குப் போனது, நீங்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்பதைச் சொல்கிறேன்.

இது பிறந்த இடம்

சிகாகோவில் 1889-ல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லத்தைத் தொடங்கினார்கள். பிழைப்புத் தேடி வந்து குடியேறியவர்களின் குடும்பங்கள் சுற்றிலும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. அந்த இல்லத்தில் நீவா பாய்ட் என்பவர் விளையாட்டின் வழியாகக் குழுப்பணியைக் கற்பித்தார். அவரிடம் படித்தவர் வயோலா ஸ்போலின். பொருளாதார மந்தத்தில் வேலை இழந்தவர்களுக்காக அமெரிக்க அரசு நடத்திய திட்டம் ஒன்றில் 1939-ல் நாடகப் பொறுப்பாளராகச் சேர்ந்த ஸ்போலினுக்கு முன்னால், வெவ்வேறு மொழி பேசும் வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நடிப்புப் பாடம் நடத்தி இவர்களைச் சேர்க்க முடியாது, விளையாட வைத்தால் முடியும் என்று கண்டுகொண்டார். அப்படி அவர் ஒவ்வொன்றாக உருவாக்கிய விளையாட்டுகளை அவர் மகன் பால் சில்ஸ் எடுத்துக்கொண்டார். டேவிட் ஷெப்பர்டோடு சேர்ந்து 1955-ல் காம்பஸ் பிளேயர்ஸ் குழுவையும், பிறகு வேறு நண்பர்களோடு 1959-ல் செகண்ட் சிட்டி அரங்கையும் தொடங்கினார். சிரிப்பும் புகழும் அதற்கப்புறம் வந்தவை.

பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்காகப் பிறந்த கலை இது. அதனால் இதைக் குடியிருப்புக்குக் கொண்டுவருவதை நான் புதுமை என்று நினைக்கவில்லை, பிறந்த வீட்டுக்குத் திரும்ப அழைத்து வருகிறோம், அவ்வளவுதான்.

முதல் வாரம்: வெட்டுவதைக் கவனியுங்கள்

இந்த வாரம் எதையும் மாற்ற வேண்டாம். பேசும்போது எத்தனை தடவை அடுத்தவர் பேச்சை வெட்டுகிறீர்கள் என்று மட்டும் மனதுக்குள் எண்ணுங்கள். 'இல்ல' என்று தொடங்கினால் ஒன்று. 'அதில்ல' என்றால் ஒன்று. நம்மிடம் இன்னொரு வகையும் இருக்கிறது, 'அதெல்லாம் சரி, ஆனா...' என்று. கேட்க ஒப்புக்கொண்டது போல இருக்கும், ஆனால் அங்கேயும் பேச்சு வெட்டுப்பட்டுத்தான் போகிறது. எனக்கு முதல் நாள் காலைச் சாப்பாட்டுக்குள் பதினொன்று ஆனது. எதிரில் இருந்த என் மகள் சொன்னவற்றில் பாதி எனக்கு நினைவில்லை, பதில் தயார் செய்துகொண்டிருந்தேன்.

இரண்டு மூன்று நாள் எண்ணிய பிறகு இன்னொன்றும் தெரியும். எல்லோரிடமும் நாம் ஒரே மாதிரி வெட்டுவதில்லை. மேலதிகாரியிடம் உம் கொட்டுகிறோம், மனைவியிடம் வெட்டுகிறோம். மாமனாரிடம் பொறுமையாகக் கேட்கிறோம், வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் பாதி வாக்கியத்திலேயே 'சரி சரி' என்று நகர்ந்துவிடுகிறோம். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது வாரம்: அந்தாதிப் பேச்சு

உலகம் முழுக்க இம்ப்ராவ் வகுப்புகளில் தொடக்கத்திலேயே சொல்லித்தரும் பயிற்சி ஒன்று உண்டு: எதிராளி சொன்ன கடைசிச் சொல்லிலிருந்து உங்கள் வாக்கியத்தைத் தொடங்க வேண்டும். நமக்கு இது புதிதே இல்லை. ஒரு பாட்டின் கடைசிச் சொல்லில் அடுத்த பாட்டைத் தொடங்கும் அந்தாதியை வைத்திருக்கிற மொழி நம்முடையது.

மனைவி சொல்கிறார்: "இன்னிக்கு பஸ்ல நிக்கக்கூட இடமில்ல." நீங்கள்: "இடமில்லாம எப்படி அவ்வளவு தூரம் வந்த?" அவ்வளவுதான். இதைச் செய்ய ஒரே ஒரு வழிதான் உண்டு, அவர் வாக்கியத்தை முடிக்கும் வரை காத்திருப்பது. கடைசிச் சொல் என்னவென்று தெரியாதவரை உங்களால் வாயைத் திறக்க முடியாது. பயிற்சியின் பயன் முழுக்க அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு உரையாடலில், ஐந்து நிமிடம் போதும். யாரிடமும் அறிவிக்காமல் செய்யுங்கள். அறிவித்துவிட்டால் அவர்கள் உங்களைச் சோதிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

மூன்றாவது வாரம்: 'ஆமா, அப்புறம்...'

இம்ப்ராவ்காரர்கள் எல்லோரும் சொல்லும் அடிப்படை விதி இதுதான். ஒருவர் மேடையில் வந்து, "டாக்டர், என் நிழல் காணாமப் போச்சு" என்றால், எதிரில் இருப்பவர் "நான் டாக்டர் இல்லையே" என்று சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னால் காட்சி அந்த இடத்திலேயே செத்துவிடும். "ஆமா, கவனிச்சேன். எத்தனை நாளா?" என்றால் இருவருக்கும் நிற்க ஒரு தரை கிடைத்துவிடுகிறது. முதல் பாதி ஏற்பது. இரண்டாவது பாதி நம் பங்குக்கு ஒன்றைச் சேர்ப்பது. புலவர்களுக்கு இறைவன் அடியெடுத்துக் கொடுத்ததாகக் கதைகளில் கேட்டிருக்கிறோம். இங்கே ஒவ்வொரு வாக்கியமும் எதிராளிக்கு அடியெடுத்துக் கொடுப்பதுதான்.

இது வாழ்க்கையில் எவ்வளவு தூரம் வரும் என்பதை எனக்குக் காட்டியவர் என் பெரியம்மா. அவருக்கு மறதி நோய். சாயங்காலம் ஆறு மணி ஆனால் வாசலைப் பார்த்துக்கொண்டு கேட்பார்: "உங்க பெரியப்பா மில்லுலேர்ந்து வந்துட்டாரா?" பெரியப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. நாங்கள் உண்மையைச் சொன்னோம். ஒவ்வொரு முறையும் அது அவருக்குப் புதுச் செய்தி. அன்றைக்குத்தான் கணவர் இறந்தது போல அழுவார். அரை மணியில் மறந்துவிடும், மறுநாள் ஆறு மணிக்கு மறுபடியும் அதே கேள்வி, மறுபடியும் அதே அழுகை. மாதக்கணக்கில் நாங்கள் அவருக்கு இதைச் செய்துகொண்டிருந்தோம்.

மொட்டை மாடியில் விளையாட ஆரம்பித்த சில வாரத்தில் ஒரு நாள் வேறு மாதிரி பதில் சொன்னேன்.

"இன்னும் வரலை பெரியம்மா. வந்தா என்ன சாப்பிடுவாரு?"

"ரசம்தான். மிளகு தூக்கலா இருக்கணும் அவருக்கு."

"நீங்க மிளகை வறுத்துப் போடுவீங்களா, பச்சையா தட்டிப் போடுவீங்களா?"

"வறுக்கக் கூடாதுடா. அம்மியில தட்டணும். சீரகமும் சேர்த்து. ரெண்டு பூண்டு, தோலோட."

அப்படியே இருபது நிமிடம் போனது. அம்மியில் தட்டுவது போல வலது கை மடியின் மேல் அசைந்துகொண்டே இருந்தது. மில்லில் இரவு ஷிப்ட் நாட்களில் ரசத்தைத் தூக்குச்சட்டியில் ஊற்றி, வாழையிலையை வாட்டி வாயில் கட்டி அனுப்பியதைச் சொன்னார். நாங்கள் யாரும் அதுவரை கேட்டிராத விஷயம். நான் பொய் எதுவும் சொல்லவில்லை, அவர் வரவில்லை என்பது உண்மைதான். அதற்கப்புறம் வீட்டில் எல்லோரும் அப்படியே பழகிக்கொண்டோம். ஆறு மணி அழுகை நின்றது.

மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இம்ப்ராவ் பயிற்சி தருவது வெளிநாடுகளில் இப்போது பரவலாகி வருகிறது. சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகமும் லுக்கிங்கிளாஸ் நாடகக் குழுவும் சேர்ந்து, நோயின் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கென்றே வகுப்புகள் நடத்தியிருக்கின்றன. நினைவைக் கேட்காத கலை இது. 'நேத்து என்ன சாப்பிட்டீங்க' என்று கேட்டால் அவர்கள் தோற்றுப்போகிறார்கள். 'இந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்கு, சொல்லுங்க' என்றால் தோற்க வழியே இல்லை.

சின்னப் பிள்ளைகளிடம் இது இன்னும் சுலபம். "அம்மா, கட்டிலுக்கடியில யானை இருக்கு" என்று பிள்ளை வந்தால் "ஆமா, பசிக்குதோ என்னவோ, வாழைப்பழம் இருக்கான்னு பாரு" என்று சொல்லிப் பாருங்கள். மீதியைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஆமாவா?

புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கேட்க வேண்டிய கேள்வியும்கூட. 'ஆமா' என்பதற்கு 'நீ சொன்னது என் காதில் விழுந்தது, உனக்கு அப்படித் தோன்றுகிறது என்று ஏற்கிறேன்' என்றுதான் பொருள். 'நீ சொன்னதைச் செய்கிறேன்' என்று பொருள் இல்லை. பதினாறு வயதுப் பையன் பைக் வேண்டும் என்று கேட்டால், "ஆமா, பசங்களோட சேர்ந்து போக ஆசையாத்தான் இருக்கும், எங்கெல்லாம் போறாங்க?" என்று கேட்கலாம். பைக் கிடையாது என்பது அப்படியே இருக்கும். மறுப்பைக் கடைசியில் சொல்லுங்கள், வாசலிலேயே நிறுத்தாதீர்கள்.

பணம், கையெழுத்து, ஜாமீன், உடம்பு, பாதுகாப்பு: இவற்றில் தெளிவாக இல்லை என்று சொல்லுங்கள், உடனே சொல்லுங்கள். விளையாட்டிலும் அப்படித்தான். எங்கள் மொட்டை மாடியில் கேட்காமல் யாரும் யாரையும் தொடக் கூடாது, 'நிறுத்து' என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும். வீட்டில் அடியும் திட்டும் வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு 'எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லு' என்று யாராவது அறிவுரை சொன்னால், அவர் இம்ப்ராவைக் கொஞ்சமும் புரிந்துகொள்ளாதவர்.

நான்காவது வாரம்: யார் மேலே, யார் கீழே

இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் வேலை பார்த்த கீத் ஜான்ஸ்டன், பின்னால் கனடாவின் கால்கரி நகருக்குப் போய் 1977-ல் லூஸ் மூஸ் அரங்கைத் தொடங்கியவர், ஒன்றைக் கண்டுபிடித்தார். நடிகர்களின் பேச்சு உயிரில்லாமல் இருந்தபோது, "எதிராளியை விட ஒரு துளி மேலே நில்லுங்கள், அல்லது ஒரு துளி கீழே" என்று மட்டும் சொன்னார். காட்சிகள் உடனே நிஜ மனிதர்கள் பேசுவது போல மாறிவிட்டன. அவர் பார்வையில் அந்தஸ்து என்பது பதவியைச் சேர்ந்தது இல்லை, உடம்பு செய்கிற வேலை. தலையை அசைக்காமல் பேசுவது மேலே ஏற்றும். பேசும்போது முகத்தைத் தொட்டுக்கொண்டே இருப்பது கீழே இறக்கும்.

இது நமக்குக் கண்ணால் பார்த்தே பழகிய விஷயம். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்குவதைப் பார்த்து வளர்ந்த சமூகம் இது, அதன் வலியும் நமக்குத் தெரியும். தெருக்கூத்தில் கட்டியங்காரனைப் பாருங்கள். ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறி அடங்கி நிற்பான், அடுத்த நிமிடம் அதே ராஜாவைக் கேலி செய்துவிட்டுப் பார்வையாளர் பக்கம் திரும்பிப் பேசுவான். ஏறுவதும் இறங்குவதும் அவன் கையில்.

பயிற்சி இதுதான். முதல் வாரம் யாரிடம் அதிகம் வெட்டுகிறீர்கள் என்று குறித்தீர்கள் அல்லவா, அவரோடு பேசும்போது உங்கள் உடம்பை ஒரு துளி கீழே இறக்குங்கள். பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி பேசாமல் தரையில் உட்கார்ந்து பேசுங்கள். வாட்ச்மேன் அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால் நீங்களும் பக்கத்துப் படியில் உட்காருங்கள், அவரை எழ வைக்காதீர்கள். எப்போதும் கீழேயே இருந்து பழகியவர்களுக்குப் பயிற்சி நேர் எதிர். எங்கள் குழுவில் ஒரு அக்கா 'தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க' என்று சொல்லித்தான் எதையும் தொடங்குவார். அவருக்கு நாங்கள் கொடுத்த ஒரே வேலை, அந்த வாக்கியத்தை விட்டுவிட்டு மூச்சு விட்டு அப்புறம் பேசுவது. இரண்டு மாதம் ஆனது.

குழு சேர்ப்பது

எட்டுப் பேர் இருந்தால் தொடங்கலாம், பன்னிரண்டைத் தாண்டினால் இரண்டு வட்டமாகப் பிரியுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். எல்லா வயதும் கலந்திருந்தால் நல்லது. நாற்காலி வேண்டாம், போட்டால் எல்லோருக்கும் போட வேண்டும், வட்டமாக. யாரும் பார்வையாளர் கிடையாது என்பதைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் எல்லோரும் விளையாட வேண்டும், அல்லது கீழே போய்விட வேண்டும். போனில் படம் எடுக்கவே கூடாது. ஒரு வீடியோ குடியிருப்பு வாட்ஸ்ஆப் குழுவுக்குப் போனால் அடுத்த வாரம் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

கண்ணாடி விளையாட்டில் தொடங்குங்கள். இருவர் எதிரெதிரே நிற்க, ஒருவர் மெதுவாக அசைய, மற்றவர் கண்ணாடி போல அதையே செய்ய வேண்டும். இரண்டு நிமிடம் கழித்து ஆள் மாற்றம். அதற்கப்புறம் தலைவர் யாருமில்லாமல், இருவரும் ஒருவரை ஒருவர் பின்பற்ற வேண்டும். ஸ்போலினின் புகழ்பெற்ற பயிற்சி இது. பேச்சே இல்லாததால் கூச்சப்படுகிறவர்களுக்கும் ஒத்துவரும்.

அடுத்து எண்ணும் விளையாட்டு. வட்டமாக நின்று கண்ணை மூடிக்கொண்டு ஒன்றிலிருந்து இருபது வரை எண்ண வேண்டும், ஒருவர் ஒரு எண். யார் எப்போது சொல்வது என்று பேசி வைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டால் மறுபடியும் ஒன்று. முதல் நாள் நாங்கள் ஆறைத் தாண்டவில்லை.

பிறகு சொல்லுக்குச் சொல் கதை. ஆளுக்கு ஒரு சொல்லாக வட்டம் சுற்றிக் கதை வளரும். ஆங்கில வகுப்புகளில் விளையாடுவது போல அப்படியே விளையாடினால் தமிழில் ஒரு சிக்கல் வருகிறது. நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. 'நேத்து', 'ராத்திரி', 'கிணத்துக்குள்ள', 'எங்க', 'தாத்தா' என்று ஐந்து பேர் சொன்ன பிறகும் தாத்தா விழுந்தாரா, குளித்தாரா, பாடினாரா என்பது ஆறாவது ஆளின் கையில் இருக்கிறது. முதலில் இதை இடைஞ்சலாக நினைத்தோம், இப்போது இந்த விளையாட்டின் சுவையே இதுதான் என்று தோன்றுகிறது. 'தாத்தா' என்று சொன்னவர் மனதில் ஒரு முடிவு இருக்கும், அதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். புதியவர்கள் திணறினால் ஒரு சொல்லுக்குப் பதிலாக இரண்டு மூன்று சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தப்பு செய்தவர் இரண்டு கையையும் உயர்த்தி, குனிந்து வணங்க வேண்டும், மற்றவர்கள் கைதட்ட வேண்டும். பல வகுப்புகளில் இருக்கும் வழக்கம் இது. பிள்ளைகள் இதற்காகவே தப்பு செய்வார்கள், விடுங்கள். பெரியவர்களுக்குத்தான் இது மருந்து. எங்களோடு விளையாடும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் முதல்முறை கையை உயர்த்த ஐந்து வாரம் ஆனது. அன்று விழுந்த கைதட்டு கீழ்த்தளம் வரை கேட்டது.

நடத்துபவர் ஒருவர் வேண்டும், வாரம் ஒருவர் என்று சுற்றி வரட்டும். விளையாட்டை நிறுத்தாமல் பக்கத்திலிருந்து 'மெதுவா', 'அவர் கண்ணைப் பாருங்க' என்று குரல் கொடுப்பதுதான் அவர் வேலை. 'சூப்பர்', 'சரியில்லை' இரண்டையும் அவர் சொல்லக் கூடாது. பாராட்டுக்காக ஆடுவதும் திட்டுக்குப் பயந்து ஆடுவதும் ஆளை இறுக்கிவிடும் என்று ஸ்போலின் உறுதியாக நம்பினார். எங்கள் அனுபவமும் அதுதான்.

சாதி, நிறம், உடம்பு, பேச்சு வழக்கு இவற்றை வைத்துச் சிரிப்பு வரவழைப்பதை முதல் நாளே தடை செய்யுங்கள். நகைச்சுவை என்றாலே அதுதான் என்று நினைத்து வருபவர்கள் இருப்பார்கள். அது போனால் சிரிப்பே வராது என்ற பயம் முதல் மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும்.

அசோசியேஷன் கூட்டத்துக்கு

எங்கள் குடியிருப்பில் மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒரு இடம் உண்டு. உடைந்த டைல்ஸ், பழைய கம்மோடு, யாரோ வீசிய குப்பை. ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தப் பேச்சு வரும், ஒவ்வொரு தடவையும் சண்டையில் முடியும். குழு தொடங்கி ஒரு வருடம் கழித்து, செயலாளரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கினோம். நிபந்தனை ஒன்றுதான்: அந்தப் பத்து நிமிடம் எல்லோரும் 'ஆமா, அப்புறம்' என்றுதான் பேச வேண்டும்.

இரண்டாவது மாடி மாமி தொடங்கினார். "அங்க ரெண்டு வாழை வைக்கலாம்." வழக்கமாக இங்கே 'யாரு தண்ணி ஊத்துறது' என்று வெட்டு விழும். அன்று கீழ்வீட்டு சார், "ஆமா, அப்புறம் டேங்க் நிரம்பி வழியுற குழாய் அங்கதான் இறங்குது, அந்தத் தண்ணியே போதும்" என்றார். "ஆமா, அப்புறம் சருகையெல்லாம் அங்கேயே குழி வெட்டிப் போட்டா உரமாயிடும்." "ஆமா, அப்புறம் கம்மோடை எடுத்துப் போட கார்ப்பரேஷன் வண்டிக்காரர்கிட்ட நான் பேசுறேன்." இப்படிப் பேசியவர் அதுவரை கூட்டங்களில் வாயே திறக்காதவர்.

பத்து நிமிடம் முடிந்ததும் 'ஆனா'வுக்கும் நேரம் கொடுத்தோம். அதை விட்டுவிடாதீர்கள், கொசு வருமா, வேர் சுவரைப் பெயர்க்குமா என்ற கேள்விகள் தேவையானவை. முன்பு திட்டம் பிறப்பதற்கு முன்பே இந்தக் கேள்விகள் வந்தன, இப்போது திட்டம் ஒன்று முன்னால் இருக்கும்போது வந்தன. சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி வைப்பது என்று முடிவானது. இரண்டு கன்று வைத்தோம், ஒன்று பிழைத்தது. போன மாதம் முதல் தார் இறங்கியது. எண்ணிப் பார்த்து வீட்டுக்கு மூன்று காய் வீதம், வாட்ச்மேன் அண்ணன் வீட்டையும் சேர்த்துப் பிரித்தோம்.

உங்கள் இடத்தில் முதல் ஞாயிறுக்கு இவ்வளவு ஏற்பாடு போதும்: வாசலில் ஒரு சின்ன அறிவிப்பு, ஒரு ஜமுக்காளம், குடிக்கத் தண்ணீர், மணி பார்க்க ஒருவர். ஐந்தரைக்குத் தொடங்கினால் வெயில் தாழ்ந்திருக்கும். மூன்று பேர்தான் வந்தார்கள் என்றால் கண்ணாடி விளையாட்டை மாற்றி மாற்றி ஆடுங்கள், அதற்கு இரண்டு பேரே போதும்.